அது உங்கள் கனவு இல்லை, என்னங்க

என் அன்பான என்னங்க,

வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எட்வின் என்று ஒருநாளும் உங்களைக் கூப்பிட்டதில்லை. கல்லறைக் கல்லில் பெயர் வெட்டக் கொடுத்தபோதுதான் அதை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். அடுப்படியிலிருந்து 'என்னங்க' என்றால் கூடத்திலிருந்து 'ம்' என்பீர்கள். அந்த 'ம்' வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பேசுகிறேன்.

முக்கியமான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பட்டப்படிப்பை முடித்துவிட்டேன். இங்கிலாந்துக்குப் போய், அங்கேயே தங்கிப் படித்து, பட்டம் வாங்கிக்கொண்டு மலேசியாவுக்கு, நம் குருணுக்கே திரும்பி வந்துவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியும் போட்டுக்கொண்டேன்.

இன்னொரு செய்தியும் உண்டு. உங்களோடு மனதுக்குள் பேசி முடித்துக்கொள்ள வேண்டியதை எல்லாரும் படிக்கும்படி எழுத வைத்தது அதுதான். போன மாதம் நம் கோயிலில் எனக்காக நன்றித் திருப்பலி வைத்தார்கள். வாசலில் ஒரு பதாகை. ஒரு பக்கம் என் படம், இன்னொரு பக்கம் உங்கள் படம். உங்களுடையது பெரியது. நடுவில், 'மறைந்த கணவரின் கனவை நனவாக்கிய திருமதி எட்வின்' என்று எழுதியிருந்தது. மறுவாரம் பத்திரிகையிலும் அதுவே தலைப்பு. சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் வாங்க நின்றேன். உங்களோடு தொழிற்சாலையில் வேலை செய்த மணியம் எழுந்து வந்தார்.

"டீச்சர், பேப்பர்ல படிச்சேன் லா. எனக்கு அழுகையே வந்துருச்சி. சார் மேலேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருப்பாரு."

பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியானால் கேட்டுக்கொள்ளுங்கள். அது உங்கள் கனவு இல்லை.

இதைப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீங்கள் கல்யாண வீடுகளில் சொன்ன மாதிரி இருக்காது.

நான் சிடாம் கிரிப் பக்கம் ஒரு பால்மரத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா ரப்பர் பாலுக்கு மரம் சீவினார். பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரிகள்தான் என்னைக் கல்லூரிவரை கொண்டுபோனார்கள். ஆசிரியையாவதற்கான பட்டப்படிப்பு. முதல் இரண்டு வருடம் பினாங்கில், கடைசி வருடம் இங்கிலாந்தில். இரண்டு வருடம் முடிந்திருந்தது. அங்கே இடமும் கிடைத்திருந்தது. அந்த இடைவெளியில்தான் கோயில் பங்கு இளையோர் கூட்டத்தில் உங்களைப் பார்த்தேன்.

நீங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். உங்கள் அப்பா அரசாங்க உத்தியோகம். நீங்கள் குருண் தொழிற்சாலையில் ஸ்டோர் அதிகாரி. "தோட்டத்துப் பிள்ளையையே கட்டப் போறாய்?" என்று உங்கள் அம்மா சாப்பிடாமல் கிடந்தார். நீங்கள் அசையவில்லை. அதை நான் மறுக்கவே மாட்டேன். அந்த நாளில் அப்படி ஒருவர் எனக்காக நின்றது பெரிய விஷயம்.

பெண் கேட்டு, தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். அப்பாவுக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது.

"படிப்பு பாதியில நிக்குதே தம்பி."

"நான் பொறுப்பு அங்கள். கல்யாணம் முடியட்டும். செப்டம்பர்ல நானே அவளைப் பிளேன் ஏத்தி விடுறேன்."

அப்பா உங்கள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். படித்த வீட்டுப் பிள்ளை, படிப்பின் அருமை தெரிந்தவர் என்று தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆகஸ்டில் உங்கள் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. "இந்த வருஷம் வேணாமே. அடுத்த வருஷம் போனா என்ன?" என்றீர்கள். கன்னியாஸ்திரிகளிடம் சொல்லி இடத்தை ஒரு வருடம் நிறுத்தி வைத்தேன். அடுத்த வருடம் வயிற்றில் ஷெரின். "குழந்தை பிறக்கட்டும், அதுக்கப்புறம் பாத்துக்கலாம்." நீங்கள் ஒருநாளும் கூடாது என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பார்த்துக்கலாம் என்று சொல்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது?

அப்போதுதான், என்னைப் படிக்க வைத்த கன்னியாஸ்திரிகளில் ஒருவரான சிஸ்டர் அனஸ்தாசியா பினாங்கிலிருந்து பஸ் ஏறி நம் வீட்டுக்கு வந்தார். ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அந்த மதியம் முழுவதும் ஞாபகம் இருக்கிறது. நான் அடுப்படியில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தேன். குழந்தை பிறந்த பிறகு வந்தால் போதும், இடத்தை இன்னொரு முறை தள்ளிவைக்கத் தானே பேசுவதாக அவர் உங்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. தேநீர்த் தட்டை எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடி வந்தேன்.

"இல்ல சிஸ்டர்," என்றீர்கள். "ஸ்டெல்லாவுக்கே இப்போ இஷ்டமில்ல."

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா ஸ்டெல்லா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் என் கையிலிருந்த தட்டை வாங்கி அவர் முன்னால் வைத்தீர்கள். "குடிங்க சிஸ்டர், ஆறிடும்."

அவர் என் வயிற்றைப் பார்த்தார். தேநீரைப் பாதி குடித்தார். எழுந்துகொண்டார். வாசலில் என் தலையில் கை வைத்து ஜெபம் சொன்னார். அந்தக் கையில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். பரிதாபம்தான் இருந்தது.

அவர் போன பிறகு, "ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "உனக்காகத்தான். நீயா சொல்றது கஷ்டமா இருக்கும் இல்ல?" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையை எடுத்துக்கொண்டீர்கள். என்னங்க, இத்தனை வருடத்துக்குப் பிறகும் கேட்கிறேன். எனக்கு இஷ்டமில்லை என்று உங்களிடம் யார் சொன்னது?

அப்பா சாகும்வரை என்னைப் பார்க்கும்போதெல்லாம், "எப்பம்மா போற?" என்று கேட்டார். அவருக்கும் நீங்கள்தான் பதில் சொல்வீர்கள். "போவா, போவா."

அதன்பிறகு அது ஒரு வேடிக்கைக் கதையாகிவிட்டது. கல்யாணம், காதுகுத்து, கிறிஸ்துமஸ் விருந்து, எங்கே போனாலும் என்னைக் காட்டிச் சொல்வீர்கள். "இவ லண்டன் போக வேண்டியவ. என்னைக் கட்டிக்கிட்டு குருணுக்கு வந்துட்டா!" எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்கும்போது என் முகம் எப்படி இருந்தது என்று ஒருநாளாவது பார்த்தீர்களா?

ஷெரினை ஆஸ்திரேலியாவுக்குப் படிக்க அனுப்பினோம். விமான நிலையத்தில் குழந்தை மாதிரி விம்மி அழுதீர்கள். "என் மக பார்மசிஸ்ட் ஆகப் போறா" என்று பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத சீனரிடம் மலாயில் சொன்னீர்கள். நான் உங்கள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். பெண்பிள்ளை வெளிநாட்டில் படிப்பது எவ்வளவு பெரியது என்று இந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறதே என்று அப்போது நினைத்தேன். தெரியாமல் செய்திருந்தால் மன்னிப்பது சுலபம்.

அவள் போன பிறகு வீடு காலியாகிவிட்டது. பாலர் பள்ளியில் உதவி ஆசிரியையாக இருந்தேன். சுங்கை பட்டாணியில் வாரக்கடைசி வகுப்பில் குழந்தைக் கல்வி டிப்ளோமா படித்தேன். பினாங்கில் படித்த பழைய இரண்டு வருடத்தை எவரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ரொம்பப் பழசு என்றார்கள். டிப்ளோமாவை முடித்தபோது, கடைசி வருடத்தை வெளிநாட்டில் படித்தால் பட்டமாகிவிடும் என்று கல்லூரியில் சொன்னார்கள். உங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னேன். நீங்கள் கோபப்படவில்லை. சிரித்தீர்கள்.

"பேரப்பிள்ளை எடுக்குற வயசுல யூனிவர்சிட்டியா? ஷெரின் போய்ட்டு வந்தா இல்ல? அவ படிச்சா நீ படிச்ச மாதிரிதான். கொஞ்சம் ரசம் ஊத்து."

ரசம் ஊற்றினேன்.

அடுத்த மழைக்காலத்தில் நீங்கள் குளியலறையில் விழுந்தீர்கள். வலது பக்கம் போனது. பேச்சும் போனது. உங்களைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டி, எல்லாம் நானே செய்தேன். வேறு யாரையும் தொட விடவில்லை. அதைப் புண்ணியம் என்று எழுதவில்லை. நீங்கள் என் புருஷன், செய்தேன்.

ஒரு நாள் மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டே கேட்டுவிட்டேன். "என்னங்க, அன்னிக்கு சிஸ்டர்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?" நீங்கள் என்னையே பார்த்தீர்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டீர்கள். இடது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துண்டால் துடைத்தேன். இந்த நோய்க்குப் பிறகு காரணமே இல்லாமலும் கண்ணீர் வரும், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் அந்தக் கண்ணீர் எனக்காக வந்ததா, நோயால் வந்ததா என்று கடைசிவரை எனக்குத் தெரியாமலே போய்விட்டது. எனக்குக் கிடைத்த ஒரே பதில் அதுதான். அதையும் என்னால் நம்ப முடியவில்லை.

உங்களை அடக்கம் செய்து சில மாதங்களில் நான் விண்ணப்பித்தேன். உங்கள் ரோஸ் அக்கா அலோர் ஸ்டாரிலிருந்து வந்து கூடத்தில் உட்கார்ந்தார்.

"என்ன ஸ்டெல்லா இது? எட்வின் போய் இன்னும் ஒரு வருசம்கூட முடியேல்லை. சனம் என்ன கதைக்கும்?"

"அவர் இருந்தப்போ விடலையே அக்கா."

"தம்பி உன்னை எப்படி வச்சிருந்தவன்! ஒரு அடி அடிச்சவனே?"

"இல்லக்கா. அடிக்கல."

அதற்கு மேல் அவருக்கு எப்படி விளக்குவது? அடிக்காத மனிதர் மேல் ஒருத்திக்கு என்ன குறை இருக்க முடியும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். ஷெரினும் போனில், "இப்பவே போகணுமா மம்மி? எனக்கும் யாரும் இல்லாத மாதிரி இருக்கு" என்று அழுதாள். அவளோடு நானும் அழுதேன். பிறகு பெட்டியைக் கட்டினேன்.

இப்போது இங்கிலாந்தைப் பற்றிச் சொல்கிறேன். வடக்கே ஒரு சின்ன ஊர். ஒரு வீட்டில் ஐந்து மாணவிகள், ஆளுக்கு ஓர் அறை. மற்ற எல்லாரும் ஷெரினைவிடச் சின்னவர்கள். என்னை 'ஆன்ட்டி' என்றார்கள். முதல் கட்டுரையில் தோற்றுப்போனேன். உங்கள் எழுத்தில் மற்றவர்கள் சொன்னது நிறைய இருக்கிறது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதைக் காணோம் என்று விரிவுரையாளர் சொன்னார். என்ன நினைக்கிறாய் என்று என்னைக் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது! திரும்ப எழுதினேன். தேறினேன்.

பசித்தபோது சாப்பிட்டேன். சார்டின் டின்னைத் திறந்து வெங்காயம் மிளகாய் போட்டுப் பிரட்டி, ரொட்டியில் வைத்து, புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றேன். நூலகத்தின் ஜன்னலோரத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பேன். பயிற்சிக்குப் போன மழலையர் பள்ளியில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை என் மடியைவிட்டு இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. அதைப் பற்றியே என் ஆய்வுக் கட்டுரையை எழுதினேன். வகுப்பில் நான் கை தூக்கிப் பேசினால், அந்தச் சின்னப் பெண்கள் குறிப்பு எடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்து, புருஷனை நினைத்து அழுகிறாள் என்று அங்கிருந்த மலையாளிப் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். உண்மையைச் சொல்லட்டுமா? நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். அதுதான் என்னை அழ வைத்தது. வெளிநாட்டுப் படிப்பு ஒன்றும் பெரிதில்லை, இழந்துபோனதில் பெரிய நஷ்டமில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டு வாழ்ந்திருந்தேன். போய்ப் பார்த்தால், இருபத்திரண்டு வயதில் நான் கற்பனை செய்தபடியே இருந்தது எல்லாம். அந்த வயதில் இங்கே வந்திருந்தால் நான் யாராகியிருப்பேன்? அதுவரை வருத்தம்தான் இருந்தது என்னங்க. கசப்பு அங்கேதான் வந்தது.

பட்டமளிப்பு நாளில் பெயர்களை வாசிக்கிற அம்மாள் எங்களை வரிசையாகக் கூப்பிட்டு உச்சரிப்பைக் கேட்டுக்கொண்டார். என் கடப்பிதழில், அதாவது பாஸ்போர்ட்டில், இருப்பது 'ஸ்டெல்லா மேரி, ஆரோக்கியசாமியின் மகள்.' நம் நாட்டுக் கடப்பிதழில் பெண்ணுக்குப் புருஷன் பெயர் சேராது என்பதையே நான் மறந்திருந்தேன். குருணில் என்னை எல்லாரும் திருமதி எட்வின் என்று கூப்பிட்டே பழக்கம். மேடையில் ஆரோக்கியசாமி என்ற பெயரை அந்த அம்மாள் கடித்துத் துப்பினார். ஆனால் சொன்னார். பெரிய மண்டபம், அத்தனை பேர் நடுவில், எப்பம்மா போற என்று கேட்டுக்கொண்டே செத்த மனிதரின் பெயர். நடந்து போய்ப் பட்டத்தை வாங்கினேன்.

திரும்பி வந்ததும் பதாகை. பிறகு பத்திரிகை. நிருபரிடம் பேசியது ஷெரின் என்று பிறகுதான் தெரிந்தது. அவள் வேலை பார்க்கும் பினாங்கிலிருந்து வந்த சனிக்கிழமையன்று பத்திரிகையை மேசையில் விரித்து வைத்தேன்.

"அப்பாவோட கனவுன்னு நீதான் சொன்னியா?"

"எல்லாரும் அப்படித்தானே சொல்லுவாங்க லா, மம்மி. நல்லாருக்குன்னு சொன்னேன்."

"அது பொய், பாப்பா."

"அவரு போய்ட்டாரு. இப்போ போய் என்னத்துக்கு? என்னை அவருதான் படிக்க வெச்சாரு. எனக்கு அவரு நல்ல அப்பா."

"எனக்குந்தான் தெரியும். உனக்கு அவர் நல்ல அப்பா."

பிறகு சிஸ்டர் அனஸ்தாசியா வந்த மதியத்தை அவளிடம் சொன்னேன். அதுவரை அவளுக்குத் தெரியாது. உங்கள் வேடிக்கைக் கதை மட்டும்தான் தெரியும். தன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் தட்டோடு நின்றதைக் கேட்டபோது அவள் முகம் மாறியது. "அப்போ நான்தான் காரணமா?" என்றாள். இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் போதவில்லை. உங்கள் ஒரு பொய்யால் எங்கள் இரண்டு பேரையும் அழ வைத்துவிட்டு நீங்கள் சுவரில் படமாகச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

அன்று சாப்பிடாமலேயே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன்பிறகு போனில் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தைதான். இந்தக் கடிதத்தை எழுதியதும் முதலில் அவளுக்குத்தான் அனுப்பினேன். அவள் வேண்டாம் என்றால் கிழித்துப் போட்டிருப்பேன். பல நாள் பதிலே இல்லை. பிறகு கூப்பிட்டாள்.

"போடுங்க மம்மி. ஆனா டிப்ளோமா படிக்கிறப்போ சனிக்கிழமை சனிக்கிழமை அப்பாதான் உங்களை எஸ்.பி.க்குக் கூட்டிட்டுப் போனாரு. அதையும் எழுதுங்க."

சரி, எழுதுகிறேன். நீங்கள்தான் சுங்கை பட்டாணிக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். வகுப்பு முடியும்வரை எதிரே காப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பீர்கள். நான் வெளியே வந்தால் எனக்கு வறுத்த மீ நூடுல்ஸ் கட்டி வைத்திருப்பீர்கள். ஒருமுறை மழையில் குடையோடு மாடிப்படிவரை வந்து நின்றீர்கள். 'என் வைஃப் படிக்கிறா' என்று காப்பிக்கடைக்காரரிடம் பெருமையாகச் சொன்னீர்களாம், அவரே என்னிடம் சொன்னார். சுங்கை பட்டாணிவரை நான் படிக்கலாம். அதற்கு அப்பால் கூடாது. எதற்காக அந்த எல்லை? நான் திரும்பி வரமாட்டேன் என்று பயந்தீர்களா? அவ்வளவுதான் என்றால், அந்தப் பயத்தை ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கலாமே. நான் திரும்பி வந்திருப்பேன் என்னங்க. இப்போதுகூட, நீங்கள் இல்லாத வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறேன்.

இப்போது பாடாங் செராயில் ஒரு பாலர் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருக்கிறேன். இந்த வயதில் பட்டம் எதற்கு என்று கேட்டவர்கள் பேரப்பிள்ளைகளைச் சேர்க்க வருகிறார்கள். காலையில் நானே கார் ஓட்டிப் போகிறேன். ரோஸ் அக்கா என்னோடு பேசுவதில்லை. இதைப் படித்தால் இனி எப்போதும் பேசமாட்டார். அதற்கும் தயாராகத்தான் எழுதுகிறேன்.

உங்கள் படத்தை நான் எடுக்கப்போவதில்லை. கல்லறைத் திருநாளுக்கு வருவேன். புல்லைச் செதுக்கி, கல்லைக் கழுவி, மெழுகுவர்த்தி ஏற்றுவேன். ஆனால் மன்னித்துவிட்டேன் என்று இன்னும் சொல்லமாட்டேன். சாமியார் கேட்டாலும் சொல்லமாட்டேன், ஷெரின் கேட்டாலும் சொல்லமாட்டேன். என் வாயால் வராத ஒன்றை யாரும் எனக்காகச் சொல்லவும் விடமாட்டேன். ஒருநாள் அது நிஜமாகவே வரலாம். வந்தால் முதலில் உங்களிடம்தான் வந்து சொல்வேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு. நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவள்.

இன்னமும் உங்கள் மனைவி,
ஸ்டெல்லா மேரி
குருண்